பரங்கிக்காய்க்கு எத்தனை விசில்? குக்கர், வாணலி, இட்லிப் பானை: எதற்கு எது

பரங்கிக்காயைக் குக்கரில் வைக்கலாமா என்று கேட்டால், பெங்களூருத் தமிழ் வீடுகளில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ஒரே விசில், வேலை முடிஞ்சுது" என்பவர்கள் ஒரு பக்கம். "குக்கர்ல வெச்சா கூழாயிடும், வாணலிதான் சரி" என்பவர்கள் இன்னொரு பக்கம். அவரவர் செய்யும் பதார்த்தத்தை வைத்துப் பார்த்தால் இருவர் சொல்வதும் சரியே. பால் கூட்டுக்கும் எரிசேரிக்கும் பழகியவருக்குக் குக்கர் பிடிக்கும். புளிக்குழம்பில் முழுத் துண்டாக மிதக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அது பிடிக்காது.

காயைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. என்ன பதார்த்தம், கூடவே வேறு என்ன வேகிறது, அடுப்பை அணைத்த பிறகு மூடியை எப்போது திறக்கப் போகிறோம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் மூன்றாவதைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குக்கர் பரங்கி குழைவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

முதலில் கடையில் கேட்கும் பெயர். சென்னைக்காரர் பரங்கி என்பதைத்தான் கோயம்புத்தூர்க்காரர் அரசாணி என்கிறார், இன்னும் பலர் மஞ்சள் பூசணி என்கிறார்கள். பெங்களூருக் கடைகளில் 'சிஹி கும்பளகாயி' என்று கேளுங்கள். வெறுமனே 'கும்பளகாயி' என்றால் சிலர் வெள்ளைப் பூசணியை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது வேறு காய், அதற்குச் சமையல் கணக்கும் வேறு. பின்னால் வருகிறேன்.

அணைத்த பிறகும் வேகிறது

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி. இந்த மூன்று டிகிரி காய்க்குப் பெரிய விஷயமில்லை, ஓரிரு நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் "இங்க பருப்பே வேகலை" என்று சொல்வதற்கு உயரமும் ஒரு காரணம், தண்ணீர் இன்னொரு காரணம். ஆக, இந்த ஊரில் குக்கர் இல்லாமல் பருப்புச் சமையல் இல்லை. பருப்புக்காகக் குக்கர் எப்படியும் அடுப்பில் ஏறுவதால்தான், காயையும் அதிலேயே போட்டுவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது.

குக்கரின் வெயிட் தூக்கும்போது உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போயிருக்கும். பத்து டிகிரி கூடினால் வேகும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால், வாணலியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும் பரங்கித் துண்டுக்குக் குக்கரின் முழு அழுத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். விசில் வருவதற்கு முன்பே, ஆவி கட்டும்போதே காய் பாதி வெந்திருக்கும். விசில் வந்ததும் அணைக்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் 120 டிகிரி அந்த நொடியே இறங்கிவிடுவதில்லை. சின்னக் குக்கர் என்றால் பிரஷர் அடங்க ஐந்தாறு நிமிடமாகும். பருப்பும் சாதமும் நிறைந்த 5 லிட்டர் குக்கர் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் காய் வெந்துகொண்டேதான் இருக்கிறது. 'ஒரே விசில்தானே வைத்தேன்' என்று நினைத்துக்கொண்டு திறந்தால், தோல் தனியாகக் கழன்று, துண்டின் ஓரமெல்லாம் கரைந்து, அடியில் ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு விசிலில் வந்த குழைவு இல்லை இது. அணைத்த பிறகு காத்திருந்த நேரத்தில் வந்தது.

அப்புறம், விசில் என்பது நிலையான அளவே இல்லை. அதே கால் கிலோ பரங்கிக்கு 2 லிட்டர் குக்கரில் முதல் விசில் சீக்கிரம் வரும். 5 லிட்டரில் வைத்தால், காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் ஆவியால் நிரம்பிப் பிறகுதான் விசில் வரும். அதற்குள் காய் குழைந்துவிடும். தண்ணீர் கூட ஊற்றினாலும், தீ குறைவாக இருந்தாலும், கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தாலும் விசில் தள்ளிப்போகும். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன விசில் கணக்கு நம் குக்கருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். அவர் சமையலிலும் குறையில்லை, நம் சமையலிலும் குறையில்லை.

குக்கரில் வைப்பதென்றால் இப்படி

அரைக் கிலோ பரங்கியைத் தோலோடு, இரண்டு விரல் அகலத் துண்டாக நறுக்குங்கள். தோல் முக்கியம். முற்றின காயில்கூடத் தோல் வெந்தால் சாப்பிடலாம், துண்டு உடையாமல் பிடித்து வைப்பதும் அதுவே. மேலே கரடு தட்டியிருந்தால் அந்த இடத்தை மட்டும் சீவிவிடலாம். 2 அல்லது 3 லிட்டர் குக்கரில் துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, கால் டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள். பரங்கியில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதுவே விட்டுக்கொள்ளும். கையேட்டில் இவ்வளவாவது தண்ணீர் வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு சொல்லியிருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் அடி சீக்கிரம் காயும் என்பதால் இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம்.

மிதமான தீயில் வைத்து, வெயிட் அசைந்து 'உஸ்' என்று ஆரம்பிக்கும்போதே, முழு விசிலுக்குக் காத்திருக்காமல் அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் விட்டு ஆவியை இறக்க வேண்டும். கையேடு அனுமதித்தால், நீளக் கரண்டிக் காம்பால் வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு விடலாம். இல்லையென்றால் குழாயடியில் வைத்து, வெயிட்டின் மேல் படாமல் மூடியின் ஓரமாகத் தண்ணீர் விடலாம். மின்சாரக் குக்கருக்கு இந்தக் குழாய் வேலை கூடவே கூடாது. ஆவி முழுக்க அடங்கியது தெரிந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். மூடி வராமல் தடுத்தால் பலமாக இழுக்காதீர்கள்.

இப்படிச் செய்தால் குக்கரிலும் துண்டு முழுசாக நிற்கும். ஆனால் அணைத்ததும் பக்கத்தில் நின்று ஆவியை இறக்க ஆள் வேண்டும். குக்கரை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடலாம் என்ற சௌகரியம் இதில் கிடையாது. அந்தச் சௌகரியம்தான் வேண்டும் என்றால், குழைந்தாலும் நன்றாக இருக்கும் பதார்த்தத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

'பூஜ்ய நிமிடம்' வைக்கும் வசதியுள்ள மின்சாரக் குக்கர்களும் இப்போது இருக்கின்றன. அழுத்தம் வந்ததுமே சூட்டை நிறுத்திவிடும். பரங்கிக்கு அது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் அவை அழுத்தத்துக்கு வர நேரம் பிடிக்கும், கூடவே 'வார்ம்' நிலையில் விட்டுவிட்டால் மறுபடியும் அதே குழைவுதான்.

வாணலி

வாணலியின் சிறப்பு, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது. இருப்புச்சட்டியோ அடிகனமான வாணலியோ எடுத்து, எண்ணெயில் கடுகு தாளித்து, பரங்கியைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவிட வேண்டும். முதல் நான்கைந்து நிமிடம் உள்ளே தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். அது காய் விட்ட தண்ணீர். அந்தச் சத்தம் மெல்லக் குறைந்து, சுருசுருவென்று எண்ணெய்ச் சத்தமாக மாறும் இடம்தான் மூடியைத் திறக்க வேண்டிய இடம். கத்தி முனையைத் தோல் பக்கமாகக் குத்திப் பாருங்கள். சதையில் குத்தினால் எப்போதும் இறங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தோலில் தடையில்லாமல் இறங்கினால் அணைத்துவிடலாம். இதிலும் பாத்திரத்தின் சூட்டில் இன்னும் கொஞ்சம் வேகும், ஆனால் குக்கர் அளவுக்கு இல்லை.

எரிவாயு? வாணலியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சின்னத் தீ. குக்கரில் ஐந்தாறு நிமிடம் மிதமான தீ. பரங்கி ஒன்றுக்காக மட்டும் பார்த்தால் மிச்சமாவது கொஞ்சம்தான். நேரமும் அப்படியே, பிரஷர் அடங்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ருசியில் வித்தியாசம் உண்டு. வாணலியில் தண்ணீர் வற்றி, துண்டின் ஓரம் எண்ணெயில் லேசாகச் சிவந்து, தித்திப்பு தூக்கலாகத் தெரியும். குக்கர் காய் ஈரமாகவே இருக்கும். பொரியலுக்கும் காரக்கறிக்கும் வாணலிதான் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம். அந்த ஓரச் சிவப்பு குக்கரில் வரவே வராது.

இட்லிப் பானை

இந்த வழியைப் பலர் மறந்தே விட்டார்கள். காலை இட்லி எடுத்ததும் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தட்டிலேயே துணியை எடுத்துவிட்டுப் பரங்கித் துண்டுகளைப் பரப்பி, எட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும். காய் தண்ணீரில் முழுகுவதில்லை. தண்ணீரில் கரையக்கூடிய சத்துகள் வெளியே போவது குறைவு, துண்டும் உலர்வாக நிற்கும். குழந்தைக்கு மசித்துக் கொடுக்க, அடை மாவில் சேர்க்க, அல்வாவுக்கு விழுதெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குக்கரில் மசித்தது தண்ணீராக இருக்கும், அதை வற்ற வைக்கவே தனி நேரம் வேண்டும்.

பரங்கியின் மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எந்த வழியில் வேக வைத்தாலும் அரைத்த தேங்காயோ, ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ கூடச் சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். தேங்காய் இல்லாத பரங்கிக் கூட்டு நம் வீடுகளில் அபூர்வம் என்பதால் இது தானாகவே நடந்துவிடுகிறது.

பருப்போடு சேர்த்தா, தனியாகவா?

பெரும்பாலான வீடுகளில் உண்மையான கேள்வி இதுதான். குக்கரின் அடியில் பருப்பு, மேல் டப்பாவில் காய், இன்னொரு டப்பாவில் சாதம் என்று அடுக்கி ஒரே மூச்சில் முடிப்பது. துவரம் பருப்புக்கு நாலைந்து விசில் வேண்டும். பரங்கிக்கு ஒன்றுகூட அதிகம். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பருப்பு வெந்து பரங்கி காணாமல் போகும். பரங்கி கரைந்து குழம்பு கெட்டியாக வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு, அது வேறு ருசி. துண்டு தெரிய வேண்டும் என்றால் பருப்பைத் தனியாகக் குழைய வேக வைத்து, புளித்தண்ணீர் கொதிக்கும்போது பரங்கியைப் போடுங்கள்.

புளித்தண்ணீரில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைவதைத்தான் நாம் காய் வேகிறது என்கிறோம். புளிப்பு இருந்தால் பெக்டின் மெதுவாகக் கரையும். புளிக்குழம்பில் கிடக்கும் பரங்கி இருபது நிமிடம் கொதித்தாலும் உருவம் மாறாமல் இருப்பது இதனால்தான். வேகாத பருப்பில் புளியையோ தக்காளியையோ முதலிலேயே போட்டால் பருப்பு மலராமல் அடம்பிடிப்பதும் இதே காரணத்தால்தான். வெறும் அலுமினியக் குக்கரில் புளியைக் கொதிக்க வைப்பதும் நல்லதில்லை, புளிப்பு உலோகத்தைக் கொஞ்சம் கரைத்தெடுக்கும். ஸ்டீல் குக்கர் என்றால் அந்தக் கவலை இல்லை.

பாசிப்பருப்பு வேறு கதை. அதுவும் பரங்கியும் வேகும் நேரத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், முக்கியமாகப் பருப்பை வறுக்காமல் கால் மணி நேரம் ஊற வைத்திருந்தால். பரங்கியைப் பெரிய துண்டாக நறுக்கி, ஊறிய பாசிப்பருப்போடு குக்கரில் நேராகவே வைத்து ஒரு விசிலில் அணைத்துத் தானாக அடங்க விட்டால், பருப்பு மலர்ந்திருக்கும், பரங்கி தொட்டால் மசியும் பதத்தில் இருக்கும். அரைத்த தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் விழுதைக் கலந்து ஒரு கொதி விட்டால் கூட்டு தயார். குக்கரை முழு மனதோடு சிபாரிசு செய்வேன் என்றால் இந்தக் கூட்டுக்குத்தான். மீதி எதிலும் 'ஆனால்' ஒன்று ஒட்டிக்கொண்டே வரும்.

எரிசேரிக்குத் தட்டைப்பயறு அல்லது சிவப்புக் காராமணி. ஊற வைத்தாலும் அதற்குப் பரங்கியைவிட நேரம் அதிகம். பயறை முதலில் குக்கரில் வேக வைத்து, பிறகு அதே குக்கரில் மூடியில்லாமல் பரங்கியைப் போட்டு எட்டு நிமிடம் கொதிக்க விட்டால் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். பாலக்காட்டு வீடுகளில் செய்வதுபோல் மேலே வறுத்த தேங்காய் கொட்டினால் பாதி மசிந்தும் பாதி துண்டாகவும் இருப்பது குறையாகத் தெரியாது, அதுதான் அழகே.

பால் கூட்டு செய்பவர்களுக்கு ஒன்று: பாலைக் குக்கருக்குள் ஊற்றி மூடாதீர்கள். பொங்கி வெயிட் துளையை அடைத்துக்கொள்ளும். காயை மட்டும் வேக வைத்து, மூடியைத் திறந்து, காய்ச்சிய பாலைச் சின்னத் தீயில் சேர்க்க வேண்டும். வெல்லம் போடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு. கொதிக்கும்போது போட்டால் பால் திரிந்துவிடும்.

தண்ணீர் விஷயம்

பெங்களூரில் எல்லா வீட்டுக்கும் காவேரித் தண்ணீர் இல்லை. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் பல அடுக்குமாடிகளில் போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். 2024 கோடையில் தட்டுப்பாடு வந்தபோது காவேரி இணைப்பு இருந்தவர்களும் லாரியைத் தேடினார்கள். போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் அது பெக்டினை இறுக்கும், காயும் பருப்பும் வேக நேரமெடுக்கும். பருப்பு வேகவில்லை என்று இரண்டு விசில் கூட்டுவோம். மேல் டப்பாவில் தண்ணீரே ஊற்றாமல் வைத்த பரங்கிக்கோ அந்தக் கால்சியம் படாது, ஆவியில் வேகிறது. கூட்டிய இரண்டு விசிலும் அதன் தலையில் விடியும். இப்படிப்பட்ட வீட்டில் பருப்புக்கு மட்டும் வடிகட்டிய குடிதண்ணீரை ஊற்றுங்கள். சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான், ஆனால் காய் வழவழவென்று ஆகும், ருசியும் போகும், வைட்டமினும் போகும். நான் போடுவதில்லை.

மற்ற காய்கள்

சௌசௌ. தமிழ்நாட்டில் இதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்றே பெயர் உண்டு, பூர்வீகம் மெக்சிகோ பக்கம் என்றாலும். பரங்கியைவிட இறுக்கமான காய். ஒரு விசிலில் அணைத்துத் தானாக அடங்க விட்டாலும் துண்டு துண்டாகவே இருக்கும். குக்கருக்கென்றே பிறந்த காய் என்றால் இதுதான். பாசிப்பருப்போடு கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். தோல் சீவும்போது வரும் பால் கையில் பிசுபிசுவென்று ஒட்டி, காய்ந்ததும் தோலை இழுக்கும். தண்ணீருக்குள் வைத்துச் சீவினாலோ கையில் எண்ணெய் தடவிக்கொண்டாலோ அந்தத் தொல்லை இல்லை. சீவிய தோலைத் துவையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பூசணிக்குக் குக்கர் வேண்டாம். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் தண்ணீர்தான் அதில். அழுத்தத்தில் வைத்தால் துண்டு சுருங்கி, ருசியெல்லாம் வெளித்தண்ணீருக்குப் போய்விடும். மோர்க்குழம்புக்கும் ஓலனுக்கும் அகலப் பாத்திரத்தில், உப்புப் போட்டு அதன் தண்ணீரிலேயே, கண்ணாடி மாதிரித் தெரியும்வரை வேக வைத்தால் போதும். ஆயுத பூஜை சமயத்தில் கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றித் தெருவெல்லாம் வெள்ளைப் பூசணி குவிந்து கிடக்கும். திருஷ்டிக்கு உடைப்பதற்கு ஒன்று வாங்கும்போது மோர்க்குழம்புக்கும் ஒன்று சேர்த்து வாங்கலாம். முழுக்காய் வெட்டாமல் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது.

சுரைக்காயில் பிஞ்சு என்றால் வாணலி. முற்றல் என்றால் அரை மணி நேரம் ஊறிய கடலைப்பருப்போடு குக்கரில் இரண்டு விசில், நன்றாகவே வரும். ஆனால் நறுக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குகர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள், எத்தனை விசில் வைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காயைச் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு வரை போனவர்கள் உண்டு. பீர்க்கங்காய்க்கும் இதே சோதனை பொருந்தும்.

பீர்க்கங்காய், புடலங்காய், சுக்கினி மூன்றையும் குக்கர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பட்டர்நட் ஸ்குவாஷ் நம் பரங்கியின் உறவுக்காரன்தான். தண்ணீர் குறைவு, சதை இறுக்கம், ஆகவே சூப்புக்குக் குக்கரில் தாராளமாக வைக்கலாம். விலை அதிகம். சாம்பாருக்கு அதை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வாங்கும் இடத்திலேயே பாதி முடிவு

கடையில் வெட்டி வைத்த கீற்றைப் பாருங்கள். சதை அடர்ந்த ஆரஞ்சு நிறமாக, நெருக்கமாக இருந்து, தோலில் நகம் இறங்காவிட்டால் முற்றின காய். இது தித்திப்பு, எந்த வழியிலும் உருவம் நிற்கும். வெளிர் மஞ்சளாக, உள்பக்கம் நார்நாராக ஈரம் கசிந்தால் இளங்காய் அல்லது வெட்டி நேரமானது. அது குக்கரில் ஒரு நிமிடம் தாங்காது. ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் தெருமுனைத் தள்ளுவண்டியிலும் கேட்டால் முழுக்காயிலிருந்து புதிதாகக் கீற்றுப் போட்டுத் தருவார்கள். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழிலேயே "முத்தினதா குடுங்கண்ணா" என்றாலே புரியும். வெட்டிய கீற்றை வாங்கினால் விதைப்பகுதியை வீட்டுக்கு வந்ததும் வழித்து எடுத்துவிட வேண்டும், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

காலை ஏழரைக்கு ஆபீஸ் வண்டி பிடிக்க வேண்டிய வீடு என்றால், நேற்று இரவே பரங்கியை நறுக்கி மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். காலையில் பாசிப்பருப்புக் கூட்டுக்குக் குக்கர். மதிய டப்பாவுக்குப் பொரியல் என்றால் வாணலி. டப்பாவுக்குள் மூடிய சூட்டில் காய் இன்னும் கொஞ்சம் இளகும் என்பதால் கத்தி முனை இறங்கும் பதத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஒரே அடுப்பும் ஒரே குக்கரும் மட்டும் இருக்கும் அறைவாசிகள், பருப்பு வெந்த பிறகு அதே குக்கரை மூடியில்லாமல் வாணலியாகப் பயன்படுத்தலாம். அடிகனமான பாத்திரம்தானே அது.

புதிதாகக் குக்கர் வாங்குகிறீர்கள் என்றால், இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டில் 5 லிட்டர் ஒன்றோடு 2 லிட்டர் ஒன்றும் இருப்பது காய்க்கு நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3 லிட்டர். எந்த அளவானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு போன்ற நுரைக்கிற பொருள் என்றால் பாதிக்கு மேல் கூடாது. பரங்கி குழைந்த குக்கரில் வெயிட் துளைக்குள் நார் ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் அடுத்த சமையலுக்கு அடுப்பில் ஏற்ற வேண்டும்.